சாமிக்குக் கொடுத்த இலக்கம்

கடவுளுக்குப் பரீட்சை இலக்கம் தேவைப்படும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம் "பாஸ் பண்ண வையப்பா" என்று சொல்லித் தேங்காயை அடித்தால் போதும். எந்த ஆள், எந்தப் பரீட்சை, எந்த மண்டபம் என்று அவர் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. ஜப்பானில் கேட்கிறார்கள். அந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் என் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது எனக்கு இன்னும் எவ்வளவு காலம் தெரியாமலே கிடந்திருக்குமோ, நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் கடைசி. லண்டன் டூட்டிங்கில் ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேல்மாடியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் ஊரில் டொக்டர். ஆஸ்பத்திரியில் வார்டு பார்த்த டொக்டர். லண்டனுக்கு வந்தபிறகு இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் இவர்களுடைய பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். எழுதினார், விழுந்தார். திரும்ப எழுதினார், திரும்பவும் விழுந்தார். இடையில் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றார். நான் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்தேன். வேடிக்கையைப் பாருங்கள், தினமும் ஆஸ்பத்திரிக்குள் போய் வந்தது நான். அவர் அந்தக் கட்டடம் இருக்கும் தெருவால்கூடப் போகமாட்டார். பஸ் அந்த வழியால் போகும் என்பதற்காகவே சுற்றி நடந்து வருவார்.

அந்த வருடம் வசந்த காலத்தில் ஒரு பரீட்சை இருந்தது. அதுதான் கடைசி. அதிலும் விழுந்தால் இனி எழுதுவதில்லை என்று இரண்டு பேரும் இருந்து பேசி முடித்திருந்தோம். பாஸ் பண்ணினால் அவர் டொக்டர், இல்லாவிட்டால் அந்த மனிதர் யார் என்று நாங்கள் பேசவில்லை. பேசப் பயம்.

வீட்டில் அப்போதே ஏதோ சரியில்லை. மேசையில் புத்தகம் விரித்தபடி இருக்கும், அவர் அதன் முன்னால் இருப்பார், பக்கம் மட்டும் புரளாது. நான் வேலைக்குப் போகும்போது ஈரலின் படம் இருந்தால், வரும்போதும் அதே ஈரல்தான். "என்ன, வாயிலை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறியள், ஏதும் கதையுங்கோவன்" என்று பகிடியாகச் சொல்லிப் பார்ப்பேன். "ரிவிஷன்" என்பார். அவ்வளவுதான். கோபக்காரனோடு குடித்தனம் நடத்திவிடலாம். இப்படி ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கிற மனிதரோடு ஒரு வீட்டில் இருப்பது, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோமோ என்ற அந்தரத்தோடு நாள் முழுதும் நிற்கிற மாதிரி.

அந்த நேரத்தில்தான் ஜப்பானில் இருந்து அண்ணை டிக்கெட் அனுப்பினார். அவர் புலமைப்பரிசிலில் போய், ஜப்பானின் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் சண்டை, அங்கே போய்ச் சந்திக்க வழியில்லை. எத்தனையோ வருடமாக அண்ணையை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பரீட்சைக்கு முன் கணவரைத் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அவர்தான் தள்ளினார்.

"நீர் போட்டு வாரும். நான் இருந்து ஆறுதலாப் படிக்கிறன்."

"சாப்பாடு?"

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே? போட்டு வாரும்."

ஹீத்ரோவில் என்னை வழியனுப்பும்போது சிரித்தார். பல மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. சந்தோசப்பட வேண்டியவள் நான், படவில்லை. விமானத்தில் ஏறி இருந்தபிறகும் அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணையின் ஊரில் போய் இறங்கிய மறுநாளே அவர் சொன்னார்.

"தங்கச்சி, இஞ்சை மலையிலை ஒரு கோயில் இருக்கு. படிப்புக்கெண்டே ஒரு சாமி. எக்ஸாம் எழுதுற பிள்ளையள் எல்லாம் அங்கைதான் போவினம். நாளைக்கு மச்சானுக்காகப் போவம். ஒரு பலகை எழுதித் தொங்கவிட வேணும். மச்சான்ரை எக்ஸாம் நம்பர் என்ன?"

"நம்பரோ? அது என்னத்துக்கு?"

"பேர், இருக்கிற இடம், எக்ஸாம், நம்பர், எல்லாம் எழுதுவினம். இல்லாட்டில் சாமி பிழையான ஆளைப் பாஸ் பண்ணிப்போட்டால்?" என்று சொல்லிவிட்டு அண்ணை தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி விசயத்தில் விளையாடக்கூடாது என்று நினைக்கிற ஆள் நான். உடனே லண்டனுக்குப் போன் எடுத்தேன். ஜப்பானில் இருட்டுப்படுகிற நேரம், லண்டனில் காலை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, உங்கடை எக்ஸாம் நம்பரைச் சொல்லுங்கோ."

மறுமுனையில் ஒன்றுமில்லை. கம்பியில் அந்தத் தூரத்தின் இரைச்சல் மட்டும்.

"கேக்குதே?"

"ஓம், கேக்குது. என்னத்துக்கு?"

"சாமிக்கு. இஞ்சை நம்பர் குடுக்க வேணுமாம்."

"சாமிக்குத் தெரியாதே?"

"நியாயம் கதையாமல் சொல்லுங்கோ, போன் காசு ஓடுது."

இன்னும் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு இலக்கத்தைக் கடகடவென்று சொன்னார். நான் அண்ணையின் பத்திரிகை ஓரத்தில் எழுதிக்கொண்டேன். திருப்பி வாசித்தேன். "ஓம், சரி" என்றார். குரல் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மனப்பாடமாக இருக்கும் இலக்கம் என்றால் இவ்வளவு நேரம் ஏன், தேடி எடுத்தது என்றால் மேசை லாச்சியை இழுக்கிற சத்தம் ஏன் கேட்கவில்லை? அண்ணையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மலை. பனிப்புகார் மரங்களின் இடுப்பு வரை இறங்கி நின்றது. அடிவாரத்தில் பெரிய கல்வாசல், அதிலிருந்து மேலே மேலே கற்படிகள். வாசலைக் கண்டதும் நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். கோயில் என்றால் கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. "விசரே உனக்கு? கால் விறைச்சுப் போகும். மேலை மண்டபத்திலைதான் கழட்டுறது" என்று அண்ணை கத்தினார். கழற்றியதைத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை. வேண்டுதலோடு வந்தவள் சொகுசு பார்ப்பதா? கல்லின் குளிர் குதிக்காலால் ஏறி முழங்காலில் நின்றது. எதிரே இறங்கி வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் காலையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஏறும்போது அந்தச் சாமியின் கதையை அண்ணை சொன்னார். என் அண்ணை பொறியியல்காரர், எவ்வளவு பயங்கரமான கதையையும் ரயில் நேரம் சொல்வது மாதிரித்தான் சொல்வார்.

"இவர் முந்தி ஒரு மனிசன். பெரிய படிப்பாளி. ராசாவிட்டைப் பெரிய பதவியிலை இருந்தவர். பொறாமைக்காரர் கோள் சொல்லி ஆளைத் தூர இடத்துக்கு நாடு கடத்திப்போட்டினம். படிப்பும் இல்லை, பதவியும் இல்லை. அங்கையே கிடந்து செத்துப்போனார்."

"பிறகு?"

"பிறகென்ன, கோள் சொன்னவங்கள் ஒவ்வொருத்தனாச் சாகத் துடங்கினாங்கள். அரண்மனையிலை இடி விழுந்தது. கொள்ளை நோய் வந்தது. அவற்ரை கோபம்தான் எண்டு பயந்து, பதவியைத் திருப்பிக் குடுத்து, சாமியாக்கிக் கும்பிடத் துடங்கினாங்கள்."

"செத்தாப் பிறகோ பதவியைக் குடுத்தவை?"

"ஓம். செத்தாப் பிறகு."

நான் நடுப்படியில் நின்றுவிட்டேன். சரஸ்வதி என்றால் வெள்ளைத் தாமரை, வீணை என்று வளர்ந்தவள் நான். படிப்புக்குச் சாமி என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, படித்த படிப்பைப் பறிகொடுத்து, வந்த இடத்தில் மதிப்பில்லாமல், உள்ளுக்குள்ளேயே எரிந்து செத்த ஒருவருக்கு முன்னால் நிறுத்தினால் எனக்கு யாருடைய முகம் ஞாபகம் வரும்? பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சிகரெட் பெட்டி எடுத்துக்கொடுக்கிற மனிதரின் முகம்தான் வந்தது. திரும்பி இறங்கிவிடுவோமா என்று நினைத்தேன். அண்ணை அதற்குள் ஒரு வளைவு ஏறிவிட்டார்.

மேலே ஒரு கல் மாடு படுத்திருந்தது. தலையைத் தடவினால் அறிவு வரும் என்று பிள்ளைகள் வரிசையில் நின்று தடவினார்கள். தடவித் தடவி நெற்றி கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு மாடென்றால் நந்திதான். குனிந்து அதன் காதோடு வாயை வைத்து, "இந்த ஒருதரம் மட்டும், அவரைக் கைவிடாதேங்கோ" என்று சொன்னேன். பின்னால் நின்ற கிழவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, தானும் குனிந்து மாட்டின் காதில் ஏதோ சொன்னாள். அண்ணை வெட்கப்பட்டு மற்றப்பக்கம் பார்த்தார்.

சன்னிதியில் குனிந்து, கை தட்டி, திரும்பக் குனிய வேண்டும். எங்கள் சிவன் கோயிலில் கை தட்டுவது சண்டேசுவரருக்கு மட்டும். உன் சொத்து ஒன்றையும் எடுத்துப்போகவில்லை, பார், வெறுங்கை, என்று காட்டிவிட்டுப் போவதற்கு. இங்கே கேட்பதற்கே தட்டவேண்டியிருக்கிறது. என் கைத்தட்டல் அந்தப் புகாரில் பெரிதாகக் கேட்டது. மேலே மரத்தில் இருந்த காகங்கள் கலைந்தன. கோழிப்பருமன் காகங்கள், அலகு மட்டும் ஒரு சாண். அவை பறந்து போகவில்லை, அடுத்த மரத்தில் போய் இருந்து எங்களையே பார்த்தன.

பலகைகள் பக்கத்தில் தொங்கின. உள்ளங்கை அளவு மரப்பலகைகள், கொத்துக் கொத்தாக, ஒன்றின்மேல் ஒன்று. காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து கடகடவென்று அடித்துக்கொள்ளும், நின்றால் நிற்கும். அண்ணை சிலதை வாசித்துச் சொன்னார். ஒருவன் பொறியியலுக்கு, ஒருத்தி பல் வைத்தியத்துக்கு, ஒருவன் மூன்றாம் தரமாக எழுதுகிறானாம். எல்லாவற்றிலும் இலக்கம். ஒரு பலகையை மட்டும் அண்ணை வாசித்துச் சொல்லாமல் கையை எடுத்துவிட்டார்.

"என்ன?"

"ஒரு தாய் எழுதினது. 'மகன் அறையை விட்டு வெளியிலை வர வேணும்.' அவ்வளவுதான். எக்ஸாம் பேரும் இல்லை, நம்பரும் இல்லை."

அந்தப் பெண் யாரோ, மகன் யாரோ. அதற்குப் பக்கத்திலேயே எங்கள் பலகையை வைத்து என் கணவரின் பெயரைத் தமிழில் எழுதினேன். லண்டன் என்று எழுதினேன். கீழே அந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக, அழுத்தி, பிழையில்லாமல் எழுதிச் சரிபார்த்துத் தொங்கவிட்டேன். இறங்கும்போது படிக்கு ஒன்றாக அதையே சொல்லிக்கொண்டு இறங்கினேன். மந்திரம் மாதிரி வாயில் ஏறிவிட்டது.

டூட்டிங்குக்குத் திரும்பி வந்தேன். வீடு துப்புரவாக இருந்தது, அவர் மெலிந்திருந்தார், மேசையில் புத்தகம் விரித்திருந்தது. அடுத்த நாள், நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கு முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்தேன். அந்தக் கடைக்காரர் வருடப்பிறப்புக்குத் தரும் முருகன் கலண்டர் போனுக்கு மேலே சுவரில் தொங்கும். கடையின் போன் நம்பர் அதில் பெரிய எழுத்தில் இருக்கும். முதல் இரண்டு இலக்கத்தைச் சுழற்றினேன். மூன்றாவதை நான் பார்க்கவேயில்லை, என் வாய் அதைச் சொல்லிவிட்டது. நாலாவதையும் சொன்னது. கடைசிவரை சொன்னது.

போனை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். உலகத்தின் மறு பக்கத்தில் ஒரு மலையில் ஏறி, வெறுங்காலோடு நின்று, நான் பாஸ் கேட்டது மளிகைக் கடைக்கு! ஒரு கணம் எனக்குச் சிரிப்பு வந்தது, அது உண்மை. அதற்குப் பின்னால் வந்தது சிரிப்பில்லை. அவருக்குப் பரீட்சை இலக்கமே இல்லை. விண்ணப்பித்திருந்தால்தானே இலக்கம் வரும்.

எனக்கு வாய் அடங்காது என்று என் சொந்தக்காரர் எல்லோரும் சொல்வார்கள். அந்த நாட்களில் அடங்கியது. கேட்டால் தன்னை என்ன செய்துகொள்வாரோ என்ற பயம். எங்கள் ஆட்களில் அப்படி ஓரிருவர் கதை எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். வேலையால் வந்து மாடிப்படி ஏறும்போது கதவுக்குப் பின்னால் அவர் இருமுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். அவரோ ஒன்றும் நடவாத மாதிரி அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை நாள் வந்தது. காலையில் எழும்பிக் குளித்தார். கோட் போட்டார், கழுத்துப்பட்டி கட்டினார். நான் இடியப்பமும் சொதியும் வைத்தேன், சாப்பிட்டார். சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்று கண்ணை மூடினார். திருநீறு பூசினார். பேனையைச் சட்டைப்பையில் குத்தினார். ஐயோ, அந்தப் பேனையைக் கண்டதும் என் பொறுமை போய்விட்டது. கதவடியில் மறித்தேன்.

"எங்கை போறியள்?"

"எக்ஸாமுக்கு."

"எந்த எக்ஸாம்? கடைக்காரன்ரை எக்ஸாமோ? சாமியிட்டைக் குடுத்தது அவன்ரை போன் நம்பரெல்லே!"

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கோட்டோடு மாடிப்படியின் மேற்படியில் இருந்தார். கீழே கடையில் எண்ணெய் காய்கிற மணம் வந்தது.

"போன முறையும் எழுதேல்லை" என்றார். "காசும் கட்டேல்லை. நோர்தேர்ன் லைன் ரெயில்லை ஏறி இந்த அந்தத்திலை இருந்து அந்த அந்தத்துக்குப் போய் வந்தன்."

"ஏன்? என்னெண்டு சொல்லுங்கோவன். நான் என்ன பேயே, சொன்னால் பிடிச்சுத் திண்டுடுவனே?"

தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

"போன வருசம் ஒரு நாள், பெற்றோல் அடிச்சுக்கொண்டு நிண்ட ஒரு வெள்ளைக்கார மனிசன் அப்பிடியே விழுந்திட்டுது. நான் ஓடிப்போய் முழங்காலிலை இருந்தன். கழுத்திலை விரல் வைச்சன். அவற்ரை மனிசி காரிலை இருந்து இறங்கி வந்து என்னட்டைக் கேட்டா, 'நீங்கள் டொக்டரோ' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"இல்லை எண்டன். காஷியர் எண்டன்."

"ஏன்?"

"தெரியேல்லை. வாயிலை அதுதான் வந்தது. சொன்ன உடனை கையும் விட்டிட்டுது. எழும்பித் தள்ளி நிண்டிட்டன்."

"அவ என்ன செய்தவ?"

"என்ரை சட்டையிலை இருந்த பட்ஜைப் பாத்தா. நம்பிட்டா."

அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று கேட்டேன். அம்புலன்ஸ் வந்து சேர முதலே முடிந்துவிட்டது என்றார்.

நான் அழவில்லை. கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லிக் கத்தினேன். அந்தப் பரீட்சையை, இந்த நாட்டை, பெற்றோல் நிலையத்தை, எல்லாவற்றையும் திட்டினேன். அவரைக் கட்டிப்பிடித்து அழுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நான் அந்த மாதிரிப் பெண் இல்லை. அவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கழுத்துப்பட்டியைக் கழற்றி வடிவாக மடித்து வைத்தார். பின்னேரம் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார், சிரிக்கத் தொடங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவர் அந்தப் பெற்றோல் நிலையத்தின் மனேஜர் ஆகிவிட்டார். சரி, ஒரு பாடாகக் கடந்துவிட்டோம், எங்கள் ஆட்களில் எத்தனை டொக்டர்மார் டாக்சி ஓட்டுகிறார்கள், என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மகளுக்கு ஒரு வயது முடிந்திருக்கும். பிள்ளை பிழைத்துவிட்டாள், அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காய்ச்சல் என்று படுக்க வைத்திருந்த பிள்ளைக்குக் கண் மேலே செருகி, கையும் காலும் இழுக்கத் தொடங்கியது. நான் அலறிக்கொண்டு தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். "பாருங்கோ! பிள்ளையைப் பாருங்கோ!" என்று அவருடைய நெஞ்சுக்கு நேரே நீட்டினேன்.

பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், ஊரில் வார்டில் கண்டிருக்கிறேன். பிள்ளையின் உதடு, மூச்சு, கழுத்து என்று கண் ஒழுங்காகப் போய் வந்தது. என்ன வருத்தம், என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. வலது கை எழும்பிப் பிள்ளையின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது. வந்த கையை அவர் பின்னுக்கு எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

"டொக்டரைக் கூப்பிடும்" என்றார்.